நல்ல தண்ணீர்க் கிணறும் ஊர்க் காசும்

கேள்வி: யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள ஓர் ஊரின் மக்கள் சங்கத்துக்கு நான் தனாதிகாரி. எங்கள் ஊரில் பிறந்து வெளிநாட்டில் காலமான ஒருவர், தன் வீடு விற்ற காசில் ஒரு பங்கை ஊருக்கென்று எழுதிவைத்தார். இலண்டன், கனடாக் கிளைகள் சேர்த்ததையும் கூட்டினால் இப்போது கையில் மூன்று கோடி ரூபாய் இருக்கிறது. இவ்வளவு காசை ஒருமிக்க எங்கள் சங்கம் கண்டதில்லை. நிர்வாக சபையில் ஒரு பகுதியார் பெரிய கலாசார மண்டபம் கட்டவேண்டும் என்கிறார்கள். இன்னொரு பகுதியார் நோயாளரை ஏற்றிப்போக வேகப்படகு வாங்கச் சொல்கிறார்கள். வயதானவர்கள், "வங்கியில போட்டுட்டு ஒருத்தரும் தொடாதேங்கோ" என்கிறார்கள். மூன்று பக்கமும் நியாயம் இருப்பதுபோலவே எனக்குத் தெரிகிறது. ஆவணியில் பொதுக்கூட்டம். நான் என்ன சொல்ல?

பதில்:

அன்புள்ள தனாதிகாரி அவர்களுக்கு,

உங்கள் ஊரில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த முதியவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் முதலில் போய், "கிணறு ஏன் சவராகிறது?" என்று கேளுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதி வெறும் கணக்கு. அதற்கு நான் வருகிறேன்.

கிணறு சொல்லும் கணக்கு

தீவில் நல்ல தண்ணீர் என்பது மாரியில் பெய்த மழைதான். அது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் நிற்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் இந்த மிதப்பு. நீரியல் ஏடுகளில் இதற்கொரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும். மேலே அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து 40 அடிக்கு உப்பு ஏறும். துலாவால் இறைத்த காலத்தில் கிணற்றுக்கு ஊற நேரம் கிடைத்தது. மோட்டர் வந்த பிறகு அந்த நேரம் இல்லை. ஒருமுறை சவராகிவிட்ட கிணறு திரும்ப நல்ல தண்ணீராக ஒரு மாரி போதாது.

ஒரே தடவையில் வந்த ஊர்க்காசும் இந்த வகைதான். பார்க்க நிறைய இருக்கும். ஆனால் அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை, எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. எவ்வளவு ஊறுகிறது என்பதை வைத்தே முடிவு செய்யவேண்டும். வயதானவர்கள் தொடவேண்டாம் என்பது இந்தப் பயத்தில்தான். ஆனால் இறைக்காத கிணறும் பாசி பிடிக்கும். தொடாமல் வைப்பதற்கும் அள்ளிக் கொட்டுவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. உலகத்தில் வேறு சிறு தீவுகள் அந்த வழியில் நடந்தும் பார்த்திருக்கின்றன, தவறியும் விழுந்திருக்கின்றன.

மோட்டர் போட்டு இறைத்த தீவு

பசிபிக் கடலில் நவுறு என்ற தீவு 21 சதுர கிலோமீற்றர்தான். நெடுந்தீவில் பாதிகூட வராது. மண்ணெல்லாம் பொஸ்பேற். 1907 முதல் அதை வெட்டி ஏற்றினார்கள். 1968இல் சுதந்திரம் கிடைத்தபின் சுரங்கம் அவர்கள் கைக்கே வந்தது. 1970களில் தலைக்கணக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு அது. வருமான வரி கிடையாது. அரசாங்க வேலை தாராளம். சொந்தமாக விமான சேவை. மெல்பேர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம். 1993இல் இலண்டனில் லியொனார்டோ டா வின்சி பற்றிய இசை நாடகம் ஒன்றுக்குப் பணம் போட்டார்கள். அது சில வாரங்களில் படுத்துவிட்டது.

அவர்கள் சேமிக்காமல் விட்டவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். பொஸ்பேற் தீர்ந்துபோகும் என்று தெரிந்தே அறநிதி ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் அதில் நூறு கோடி ஆஸ்திரேலிய டொலருக்கு மேல் இருந்தது. குறை எங்கே என்றால், அந்த நிதிக்கு மூடி இல்லை. வரவுசெலவில் துண்டு விழும்போதெல்லாம் அதை ஈடுவைத்துக் கடன் வாங்கினார்கள். 2004இல் கடன்காரர் வந்து அந்த 52 மாடிக் கட்டடத்தையும் விற்றுப்போட்டார்கள். வரி என்றால் என்னவென்று அறியாத அந்த நாடு, 2014இல் சம்பளத்துக்கு வரி போடவேண்டி வந்தது.

உங்கள் சங்கத்திலும் இதுதான் நடக்கக்கூடிய ஆபத்து. ஒருவரும் திருடவேண்டியதில்லை. ஒவ்வொரு வருடமும் நல்ல காரணம் ஒன்று வரும். வகுப்பறைக்குக் கூரை, ஏழைப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில், கோயில் தேர்முட்டி. இல்லையென்று சொல்ல முடியாத காரணங்களாலேயே நிதி கரையும்.

கிணறு, தொட்டி, வாளி

அதே பசிபிக்கில் துவாலு என்று ஒன்பது சிறு தீவுகள். மொத்தம் 26 சதுர கிலோமீற்றர், பதினோராயிரம் பேரளவில் மக்கள். 1987இல் அவர்கள் ஒரு நிதியை ஆரம்பித்தார்கள். பிரித்தானியா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பெரும்பங்கு கொடுத்தன. துவாலு தன் பங்காக 16 இலட்சம் ஆஸ்திரேலிய டொலர் போட்டது. எல்லாமாக 2 கோடி 71 இலட்சம் டொலர்.

அந்த நிதியில் இரண்டு கணக்குகள். முதற் கணக்கில் மூலதனம். அதை அரசாங்கம் தொட முடியாது. வருடா வருடம் விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அந்த மூலதனம் எவ்வளவாக இருக்கவேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். அதற்கு மேலே ஏதாவது நின்றால் மட்டும் அந்த மிகுதி இரண்டாம் கணக்குக்குப் போகும். அரசாங்கம் செலவுக்கு எடுப்பது அந்த இரண்டாம் கணக்கிலிருந்து. 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு முதற் கணக்கில் மிகுதி நிற்காத வருடங்கள் வந்தன. அப்போது இரண்டாம் கணக்கில் கிடந்ததை வைத்துச் சமாளித்தார்கள். மூலதனம் பிழைத்தது.

இதை நம் ஊர் மொழியில் சொன்னால் முதற் கணக்கு கிணறு, இரண்டாவது தொட்டி, வருடச் செலவு வாளி. வாளியைத் தொட்டிக்குள்தான் விடலாம், கிணற்றுக்குள் விடக்கூடாது. உங்கள் சங்கத்துக்கும் இந்த மூன்றும் வேண்டும். வங்கியில் தனித்தனி இலக்கத்தில், தனித்தனிப் புத்தகமாக வேண்டும். ஒரே கணக்கில் கிடக்கும் காசுக்கு எல்லை மனதில் மட்டும்தான் இருக்கும். மனதில் உள்ள எல்லை நல்லூர்த் திருவிழாவைத் தாண்டாது.

ஒரு கோடிக்கு மூன்று இலட்சம்

இனிக் கணக்கு. வட்டி வீதம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே கீழே உள்ள எண்களை உதாரணமாக மட்டும் எடுங்கள்.

நிலையான வைப்பில் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது, வரி போக எட்டு வீதம் வட்டி என்று வையுங்கள். வருடம் எட்டு இலட்சம். அந்த வருடம் விலைவாசி ஐந்து வீதம் ஏறுகிறது. அப்படியானால் அடுத்த வருடம் ஒரு கோடியே ஐந்து இலட்சம் இருந்தால்தான் அது பழைய ஒரு கோடி. ஆகவே எட்டில் ஐந்து கிணற்றுக்கே திரும்பவேண்டும். மூன்று இலட்சம்தான் ஊறிய தண்ணீர். சங்கக் கூட்டங்களில் வட்டி முழுவதையும் "இலாபம்" என்று வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். வட்டியை மட்டும்தானே எடுக்கிறோம், முதல் அப்படியே இருக்கிறதே என்பார்கள். முதலின் இலக்கம் அப்படியே இருக்கும். அது வாங்கும் சீமெந்துப் பை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகும்.

சில வருடங்களில் வட்டி விலைவாசியைவிடக் குறைவாக இருக்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். அந்த மாதிரி வருடத்தில் கிணற்றிலிருந்து ஊறியது பூச்சியம். அப்போது எடுக்க வேண்டியது தொட்டியில் இருந்து. அதனால்தான் தொட்டியில் இரண்டு வருடச் செலவுக்குக் காசு எப்போதும் நிற்கவேண்டும்.

கட்டடத்துக்கு வால் உண்டு

இப்போது மண்டபத்துக்கு வருவோம். இரண்டு கோடி செலவாகும் என்று வையுங்கள். கட்டடங்களைப் பேண, கட்டிய பெறுமதியில் வருடம் 2 முதல் 4 வீதம் வேண்டும் என்பது அந்தத் துறையின் பொதுக்கணக்கு. உப்புக்காற்று கம்பியையும் கூரைத்தகட்டையும் எப்படித் தின்னும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடுவாக மூன்று வீதம் எடுத்தாலும் வருடம் ஆறு இலட்சம். காவலாளி, மின்சாரம், துப்புரவு இதில் சேரவில்லை. கட்டி முடித்தபின்னும் வருடா வருடம் தொடரும் இந்தச் செலவைத்தான் வால் என்கிறேன்.

மிச்சம் இருக்கும் ஒரு கோடியில் ஊறுவது மூன்று இலட்சம். ஆறுக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது? வருடா வருடம் கனடாவுக்குத் தொலைபேசி எடுப்பீர்கள். ஐந்தாம் வருடம் அவர்கள் எடுக்கமாட்டார்கள். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவர் சும்மா சொல்லவில்லை. யானை தானமாக வந்தது, தீனி தானமாக வராது.

இது ஏழைத் தீவுகளின் பிரச்சினை மட்டுமல்ல. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெற்லாண்ட் தீவுகளில் ஏறக்குறைய 23,000 பேர் வாழ்கிறார்கள். 1970களில் வடகடலில் எண்ணெய் கண்டார்கள். தீவின் உள்ளூர்ச் சபை கெட்டிக்காரச் சபை. 1974இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் தங்களுக்கென்றே ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்து, எண்ணெய்க் கம்பனிகளோடு நேரே பேரம்பேசி, தங்கள் கரையைக் குழப்புவதற்கு ஈடாகக் காசு வாங்கினார்கள். அதை அறநிதியில் போட்டார்கள். நவுறு செய்ததைப்போல வீணாக்கவும் இல்லை. முதியோருக்குப் பராமரிப்பு, தீவுக்குத் தீவு விளையாட்டு மையம், சூடேற்றிய நீச்சல் குளம் என்று நல்ல காரியங்களே செய்தார்கள். அப்படி எட்டு விளையாட்டு மையங்கள். பிறகு பார்த்தால், அவற்றை நடத்தும் செலவே நிதியைத் தின்ன ஆரம்பித்தது. வரவுக்குள் செலவை அடக்க, கொடுத்துவந்த மானியங்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. கட்டும்போது மகிழ்ந்த அதே மக்களிடம் போய், "குறைக்கிறோம்" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

மண்டபம் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து போன தீவுப்பகுதி ஊர்கள் பல இன்னும் பழைய நிலைக்கு நிரம்பவில்லை. வெளிநாட்டுச் சொந்தங்கள் வருவது பாடசாலை விடுமுறையில், திருவிழாவோடு. அந்த இரண்டு கிழமைக் கூட்டத்தைக் கண்டு மண்டபத்தின் அளவைத் தீர்மானித்தால், மீதி ஐம்பது கிழமையும் அதில் வௌவால்தான் குடியிருக்கும். ஊர்ச் செலவு கார்த்திகை மாதத்து ஊரைப் பார்த்துப் போடப்படவேண்டும். வாடைக்காற்றில், மழையில், ஊரில் உண்மையில் யார் இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் எழுபது கடந்தவர்கள், எத்தனை பேர் பள்ளிப் பிள்ளைகள்? கிராம அலுவலரிடம் அந்தக் கணக்கு இருக்கும். பொதுக்கூட்டத்துக்கு முன் வாங்கி வையுங்கள்.

படகு நல்ல யோசனை, வாங்குவது யோசிக்க வேண்டியது

வேகப்படகைக் கேட்பவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. இரவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை இறங்குதுறையில் வைத்துக்கொண்டு, படகுக்குக் காத்திருந்த குடும்பம் எந்தத் தீவிலும் உண்டு. இந்தச் செலவைச் சிறுமைப்படுத்த நான் தயாரில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். படகு ஓட்டி ஒருவருக்கு மாதம் அறுபதாயிரம் என்றாலே வருடம் ஏழு இலட்சத்து இருபதாயிரம். இரவும் பகலும் ஆள் வேண்டுமென்றால் இரண்டு பேர். எரிபொருள், எஞ்சின் பழுது, சில வருடங்களில் புது எஞ்சின். மூன்று கோடியையும் அப்படியே வைப்பிலிட்டாலும் ஊறுவது ஒன்பது இலட்சம்தான். படகு ஒன்றே எல்லாவற்றையும் குடித்துவிடும்.

ஆகவே மூன்று வழிகளை, இந்த வரிசையில், முயன்று பாருங்கள்.

முதலாவது, உங்கள் ஊரிலும் அயல் ஊரிலும் ஏற்கெனவே படகு வைத்திருப்பவர்களோடு முறை வைத்து ஓர் ஒப்பந்தம். இன்றிரவு இன்னார் முறை, தொலைபேசி அணையக்கூடாது, காத்திருப்புக்கு இவ்வளவு, போய்வந்தால் இவ்வளவு. தூக்குப்படுக்கை, உயிர்காப்பு அங்கி, நல்ல விளக்கு ஆகியவற்றைச் சங்கம் வாங்கிக் கொடுக்கட்டும். வருடம் சில இலட்சத்துக்குள் அடங்கும். அந்தக் காசு ஊர் மீனவர் கைக்கே போகும்.

இரண்டாவது, அயல் தீவுச் சங்கங்களோடு சேர்ந்து ஒரு படகு. செலவைத் தலைக்கணக்கில் பிரித்தால் தாங்கலாம்.

மூன்றாவது, படகைச் சங்கம் வாங்கி, ஓட்டியையும் எரிபொருளையும் மாகாண சுகாதாரத் திணைக்களம் ஏற்பது. இதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம்.

எழுத்தில் என்று நான் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமலே அவை இயங்கின. "நீங்கள் கட்டுங்கோ, பராமரிப்பைச் சபை பார்க்கும்" என்று ஒரு தவிசாளர் வாயால் கொடுத்த வாக்கை அந்த இரண்டு வருடத்தில் யாரிடம் போய்க் கேட்பது? ஆள் மாறும், கதிரையும் காலியாகும். கையெழுத்து நிற்கும்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. அரசாங்கம் செய்யவேண்டியதைச் சங்கம் செய்யத் தொடங்கினால், அரசாங்கம் மெல்லக் கையைக் கழுவிக்கொள்ளும். வீதி, குடிநீர், ஆசிரியர் நியமனம் எல்லாம் உங்கள் வரிக்கு உரிய உரிமை. தொண்டர் ஆசிரியருக்குச் சங்கம் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், எத்தனை மாதத்துக்கு என்று முதலிலேயே எழுதுங்கள். அதே நாளில் வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் போகட்டும்.

காசு காலை வந்து மாலை போகாமல்

செலவு எவ்வளவு என்பதைப்போல, அது எங்கே சுற்றுகிறது என்பதும் முக்கியம். சிறு தீவில் பொருளாதாரம் ஓட்டைப் பாத்திரம். பட்டினத்து ஒப்பந்தக்காரர் சீமெந்தையும் கல்லையும் கொத்தனாரையும் குறிகாட்டுவான் பக்கத்தாலோ பண்ணைப் பாலத்தாலோ கொண்டுவருவார். காலை வந்த காசு மாலை அவரோடே திரும்பும். ஊருக்கு மிஞ்சுவது தேநீர்க்கடை வியாபாரம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஒரே வருடத்தில் இரண்டு கோடி வேலையைச் சின்ன ஊரில் இறக்கினால் நாட்கூலி ஏறும். தோட்டத்துக்கும் வலை இழுக்கவும் ஆள் கிடைக்காது. வேலை முடிந்தபின் ஏறிய கூலி இறங்காது, வேலை மட்டும் இல்லாமற் போகும். ஊர்ப் பொருளாதாரம் நிலையாக இருக்க வேண்டுமென்றால் செலவும் மழைபோல ஒருநாள் கொட்டாமல், ஊற்றுப்போல நாளும் கசியவேண்டும்.

ஆகவே வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஊர் மேசன், ஊர்த் தச்சன் எடுக்கக்கூடிய அளவில் ஒவ்வொரு துண்டும் இருக்கட்டும். கடலும் தோட்டமும் மந்தமாக இருக்கும் மாதங்களில் வேலையைக் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் குளத்தைத் தூர்வாரி, வரம்பைக் கட்டுவதுபோன்ற வேலையில் காசில் பெரும்பங்கு கூலியாகவே ஊருக்குள் நிற்கும். குளம் நிறைந்தால் அயலில் உள்ள கிணறுகளும் இனிக்கும். அதற்குப் பிறகு காவலாளி வேண்டாம், மின்சாரக் கட்டணம் வேண்டாம். வால் குட்டையான செலவு என்றால் இதுதான்.

வால் நீண்ட செலவு தவிர்க்க முடியாததாக இருந்தால், அதைப் பாவிப்பவர்கள் ஒரு பங்கு கொடுக்கவேண்டும், எல்லையும் இருக்கவேண்டும். ஸ்கொட்லாந்தின் ஈக் தீவில் ஏறக்குறைய நூறு பேர். 1997இல் மக்களே சேர்ந்து தீவை விலைக்கு வாங்கினார்கள். 2008இல் நீர், காற்று, வெயில் மூன்றிலும் இருந்து சொந்தமாக மின்சாரம் எடுத்தார்கள். சுவிச்சைப் போடுவதற்கு முன்பே ஒரு விதி வைத்தார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுக்கக்கூடாது. பணக்கார வீட்டுக்கும் அதேதான். உங்கள் ஊரில் நன்னீராக்கும் இயந்திரமோ சூரிய மின்கலமோ வைத்தால், திறப்புவிழாவுக்கு முன்பே வீட்டுக்கு எவ்வளவு, மாதம் என்ன கட்டணம் என்று தீர்மானியுங்கள். திறந்தபின் தீர்மானிக்க வெளிக்கிட்டால் சண்டைதான் மிஞ்சும்.

ரூபாயும் வங்கியும்

2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் 360 ரூபாய் அளவில் நின்றது. ரூபாயில் மட்டும் சேமித்துவைத்த சங்கங்களின் நிதி, வெளிநாட்டுப் பொருள் வாங்கும் சக்தியில் பாதியளவாக வற்றியது. எஞ்சினும் மருந்தும் சூரியத் தகடும் வெளிநாட்டுப் பொருள்தான்.

அதனால் எல்லாவற்றையும் ஒரே நாணயத்தில் வைக்காதீர்கள். வெளிநாட்டுக் கிளைகள் அங்கே சட்டப்படி பதிவுபெற்ற அறக்கட்டளையாக இருந்தால், அவர்கள் சேர்த்த பங்கில் ஒரு பகுதி அவர்களிடமே, அந்நாட்டு நாணயத்தில் இருக்கட்டும். பதிவில்லாத தனியார் கணக்கில் ஊர்க்காசு கிடக்கக்கூடாது. இங்கே உள்ளதை உரிமம் பெற்ற இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வையுங்கள், முதிர்வுத் திகதிகளையும் வேறுபடுத்துங்கள். மற்றவர்களைவிட நான்கு வீதம் கூடத் தருகிறோம் என்று வரும் நிதிக் கம்பனி, அந்த நான்கு வீதத்துக்கு ஈடாக உங்கள் முதலைத்தான் பணயம் வைக்கிறது. சங்கக் காசுக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

கணக்கு மதிலில் தொங்கட்டும்

ஊர் உடைவது காசில்லாமல் அல்ல, காசைப் பற்றிக் கதை பரவுவதால். கணக்காய்வு வேலையில் நான் பார்த்த சங்கம் ஒன்றில் ஒரு சதமும் காணாமற் போகவில்லை. ஆனாலும் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. மூன்று வருடம் கணக்கைக் காட்டவில்லை என்பதுதான் காரணம். தனாதிகாரி நேர்மையானவர், சோம்பேறி. ஊருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒற்றைத் தாளில் கணக்கை எழுதிச் சனசமூக நிலையத்தில் ஒட்டுங்கள். கிணற்றில் எவ்வளவு, தொட்டியில் எவ்வளவு, வாளியில் போனது எதற்கு. அதே தாள் எல்லாக் கிளைகளின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகட்டும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. கணக்காய்வாளர் வேறு ஊர்க்காரராக இருக்கட்டும். கிணற்றைத் தொடுவதற்கு யாப்பிலே ஒரு பூட்டு வையுங்கள். முக்கால்வாசி உறுப்பினர் இரண்டு வெவ்வேறு பொதுக்கூட்டங்களில், இடையே ஆறு மாதம் விட்டு, சம்மதித்தால் மட்டுமே மூலதனத்தில் கைவைக்கலாம். கோபத்திலோ குதூகலத்திலோ எடுத்த முடிவு ஆறு மாதம் தாங்காது.

துவாலுவிடமிருந்து இன்னொன்றையும் எடுக்கலாம். 1999இல் அங்கே வெளித்தீவுகளுக்கென்று தனி நிதி ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு தீவும் தன் மக்களிடம் காசு சேர்த்தது, அரசாங்கம் அதற்கு ஈடு போட்டது. அந்த நிதிக்கு வைத்த பெயரே தீவின் முதியோர் கூடும் சபையின் பெயர்தான். நம் கோயில் உபயமும் இதே சூத்திரம்தான். பத்தாம் திருவிழா இன்னாருடையது என்றால், அந்தக் குடும்பம் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாளுக்குக் காசு வந்து சேரும். நூலகத்துக்கு ஒரு மாதம், முன்பள்ளிக்கு ஒரு மாதம் என்று உபயம் பிரித்துப் பாருங்கள். ஊரில் இருப்பவரும் தன்னால் இயன்றதைப் போடட்டும். சொந்தக் காசு கலந்த பொருளை ஊர் பார்த்துக்கொள்ளும்.

ஆவணிக் கூட்டத்துக்கு

நீங்கள் கேட்டது தத்துவம் அல்ல, தீர்மானம். என் ஆலோசனை இது.

மூன்று கோடியில் இரண்டரைக் கோடி கிணறு. அதில் வருடம் ஏறக்குறைய ஏழரை இலட்சம் ஊறும். இருபது இலட்சம் தொட்டி. முதலிரண்டு வருடம் ஊறியதில் பாதியை மட்டும் எடுத்து, மீதியையும் தொட்டியில் விடுங்கள். மிச்சம் முப்பது இலட்சம் இப்போதே செலவழிக்கலாம். ஆனால் வால் இல்லாத வேலைக்கு மட்டும். குளம் தூர்வாருதல், பழைய சனசமூக நிலையத்துக்குக் கூரையும் கழிப்பறையும், படகு முறைக்கான கருவிகள்.

மண்டபம் வேண்டுமென்பவர்களைப் பகைக்க வேண்டாம். அவர்களிடம் ஒரு வேலை கொடுங்கள். திருத்திய பழைய கட்டடத்தை இரண்டு வருடம் அவர்களே நடத்தட்டும், வாடகை வாங்கட்டும், எத்தனை நாள் நிரம்புகிறது என்று புத்தகத்தில் எழுதட்டும். அந்தப் புத்தகம் நிரம்பினால் மண்டபத்தைப் பற்றிப் பேச அவர்களைவிட நானே முன்னுக்கு நிற்பேன். வயதானவர்களிடம் கிணற்றுக் கணக்கைக் காட்டுங்கள், இரண்டரைக் கோடிக்குப் பூட்டு விழுந்ததைக் கண்டால் சம்மதிப்பார்கள்.

இனி எந்தத் திட்டம் வந்தாலும், அதைக் கொண்டுவருபவர் நிரப்ப ஒரு படிவம் அச்சிடுங்கள். கட்ட எவ்வளவு, வருடம் நடத்த எவ்வளவு, பத்தாவது வருடம் அதை யார் கொடுப்பார் என்று மூன்றே கேள்விகள். மூன்றாவதற்கு "சங்கம்" என்றோ "வெளிநாட்டுக்காரர்" என்றோ எழுதினால் போதாது. பெயரும் தொகையும் வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால் திட்டத்தை நிராகரிக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவையுங்கள். இடையில் ஒரு மாரி பெய்யட்டும்.